கோடா, தடுப்பா, வேகக் குறைப்பா? சைக்கிளும் காரும் ஒரே சாலையில் போக எது சரியான வழி

ஒரு சாலையில் சைக்கிளில் போகிறவர்கள் அடிபடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததும், பெரும்பாலும் முதலில் வருகிற யோசனை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் படம் வரைந்துவிடலாம் என்பதுதான். செலவு குறைவு. ஓரிரு இரவில் வேலை முடிந்துவிடும். யாருடைய இடமும் பறிபோகாது. அதனால் யாரும் எதிர்க்கவும் மாட்டார்கள்.

குடியிருப்போர் சங்கத்திலோ, உள்ளாட்சியிலோ, பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ அப்படி ஒரு முடிவை எடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் மற்ற வழிகளோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு மட்டும் போடுவது இருக்கிற வழிகளிலேயே பலவீனமானது. வேகத்தைக் குறைக்க முடிகிற சாலையில் வேகத்தைக் குறைக்க வேண்டும். முடியாத சாலையில் சைக்கிளுக்குத் தடுப்பு வைத்துத் தனி இடம் ஒதுக்க வேண்டும். எந்த வழியில் போனாலும் சந்திப்புகளைச் சரிசெய்யாமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

முதலில் அளக்க வேண்டியது வேகம்

எந்த வழி என்று பேசுவதற்கு முன் அந்தச் சாலையில் வண்டிகள் உண்மையில் என்ன வேகத்தில் ஓடுகின்றன என்று தெரிய வேண்டும். பலகையில் எழுதியிருக்கும் வேகம் வேறு, ஓடுகிற வேகம் வேறு. காலை நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும் அதே சாலையில் இரவு பத்து மணிக்கு வண்டிகள் பறக்கும்.

கணக்கு எளிதானதுதான். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் அந்த ஒரு வினாடியில் 8 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஓடியிருக்கும். காய்ந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 5 மீட்டர். ஆக 13 மீட்டர் சொச்சத்தில் நின்றுவிடும். 50 கி.மீ. வேகத்தில் வரும் காரோ அந்த முதல் வினாடியிலேயே கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடுகிறது. முதல் கார் நின்றுபோன இடத்தை இரண்டாவது கார் தொடும்போது அதன் பிரேக் இன்னும் பிடிக்கவே தொடங்கியிருக்காது. அங்கே ஒரு சைக்கிள் இருந்தால் முழு வேகத்தில் மோதும். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கேற்ப ஏறுவதால், 30இல் இருப்பதைவிட 50இல் அது ஏறக்குறைய 2.8 மடங்கு.

வேகம் குறைந்தால் இன்னொன்றும் நடக்கிறது. அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. முந்திச் செல்வதே குறைகிறது. ஒரு திசையில் மணிக்கு 300 வண்டிகள் போகும் சாலையில், 18 கி.மீ. வேகத்தில் மிதித்துக்கொண்டு போகிறவரை ஒரு கிலோமீட்டரில் எத்தனை வண்டிகள் முந்தும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். வண்டிகளின் வேகம் 50 என்றால் சுமார் 11. அதே வண்டிகள் 30இல் போனால் 7க்கும் குறைவு. சைக்கிள் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு முந்தலும் ஒரு ஆபத்துக் கணம் என்பதால், வேகக் குறைப்பு அடியின் பலத்தோடு சேர்த்து அடிபடும் வாய்ப்பையும் குறைக்கிறது.

எதையும் கட்டாமல், கலந்தே ஓட்டுவது

சாலையை அப்படியே விட்டுவிட்டு, ஓட்டுகிறவர்களுக்குப் பயிற்சியும் சட்டமும் கொடுத்தால் போதும் என்பது ஒரு வாதம். அமெரிக்காவில் ஜான் ஃபாரெஸ்டர் 1970களில் இருந்து இதற்காகக் கடுமையாக வாதாடினார். சைக்கிளும் ஒரு வாகனம்தான், அதை ஓட்டுபவர் ஓரத்தில் ஒடுங்காமல் மற்ற வாகனங்களைப் போலவே தடத்தில் தன் இடத்தை எடுத்துக்கொண்டு ஓட்ட வேண்டும், தனிப்பாதைகள் தேவையில்லை என்பது அவர் கட்சி.

இதில் பாதி எனக்கு முழுச் சம்மதம். தடத்தின் நடுவில் ஓட்டுவது தைரியத்தைக் காட்டுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் அகலக் கணக்கு. ஒரு தடம் 3 அல்லது 3.25 மீட்டர் இருக்கும். ஓரத்துக் குழி, மண், சாக்கடை மூடி எல்லாவற்றையும் தவிர்த்து ஓட்டும் சைக்கிளுக்கு ஓரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் வேண்டும். முந்தும் கார் விட வேண்டிய இடைவெளி ஒன்றரை மீட்டர். கண்ணாடிகளோடு சேர்த்துக் காரின் அகலம் 2 மீட்டர். கூட்டினால் 5 மீட்டர். ஆகவே முறையாக முந்த வேண்டுமானால் கார் எப்படியும் பக்கத்துத் தடத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும். சைக்கிள் ஓரத்தில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும் அதில் மாற்றமில்லை. ஓரத்தில் ஒடுங்கி ஓட்டும்போது என்ன ஆகிறது என்றால், எதிரே வண்டி வரும்போதும் உரசிக்கொண்டு நுழைந்துவிடலாம் என்ற நினைப்பை அது பின்னால் வருபவருக்குக் கொடுத்துவிடுகிறது. பிரிட்டனின் சாலை விதிகளில் 2022 ஜனவரியில் செய்த திருத்தம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. அமைதியான தெருக்களிலும், மெதுவாக நகரும் நெரிசலிலும், குறுகலான இடங்களிலும் தடத்தின் நடுவில் ஓட்டலாம் என்று சைக்கிள்காரர்களுக்கு அறிவுரை தருகிறது.

மறு பாதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. தனி ஆளின் உத்தியாக இது நல்லது. ஒரு ஊரின் திட்டமாக இதையே நம்பினால், பின்னால் லாரி உறுமினாலும் பதறாமல் மிதிக்கிற சிலர் மட்டும்தான் சைக்கிளில் மிஞ்சுவார்கள். பள்ளிக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளையிடம், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு முன்னால் நடுத்தடத்தில் ஓட்டு என்று எந்தப் பெற்றோரும் சொல்ல மாட்டார்கள். சொல்லவும் கூடாது.

இந்த வழியின் சட்டப் பகுதி முந்தும்போது விட வேண்டிய இடைவெளி. ஜெர்மனி 2020இல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் என்று எழுத்தில் வைத்தது. பிரான்ஸில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5. ஸ்பெயினில் 1.5 மீட்டர் ஏற்கெனவே இருந்தது. 2022இல் அதோடு இன்னொன்றும் சேர்த்தார்கள்: ஒரே திசையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் இருந்தால், சைக்கிளை முந்தும் வண்டி முழுக்க அடுத்த தடத்துக்கு மாற வேண்டும். எனக்கு இந்தக் கடைசி விதிதான் மிகவும் பிடித்திருக்கிறது. ஒன்றரை மீட்டர் இருந்ததா இல்லையா என்று ஓடுகிற வண்டியில் இருப்பவருக்கும் தெரியாது, ஓரத்தில் நிற்கும் காவலருக்கும் தெரியாது. தடம் மாறினாரா இல்லையா என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

சட்டம் இருந்தால் மட்டும் எல்லோரும் மாறிவிடுவார்களா? பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் வாக்கரின் குழு 2013இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், வெவ்வேறு உடைகளில் சைக்கிள் ஓட்டி, முந்துகிற வண்டிகள் எவ்வளவு இடைவெளி விடுகின்றன என்று கருவி வைத்து அளந்தார்கள். போலீஸ், கேமரா என்ற வார்த்தைகள் எழுதிய மேலங்கிக்கு மட்டும் சராசரியாகச் சற்றுக் கூடுதல் இடம் கிடைத்தது. ஆனால் எந்த உடையாக இருந்தாலும் நூற்றில் ஒன்றிரண்டு பேர் 50 சென்டிமீட்டருக்கும் குறைவாக ஒட்டிக்கொண்டு போனார்கள். மேலே சொன்ன 11 முந்தல் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஐந்து கிலோமீட்டர் பயணத்தில் 55 முந்தல்கள் என்றால், இரண்டு பயணத்துக்கு ஒரு முறையாவது அப்படி ஒருவர் தோளோரமாகக் கடப்பார். நல்ல ஓட்டுநர்கள் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஒருவருக்குத் தாங்குகிற மாதிரி சாலை இருக்க வேண்டும்.

வெள்ளைக் கோடு

சரி, கோட்டுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பணம் பெரும்பாலும் இங்கேதான் போகிறது.

கோடு போட்டால் கார்கள் தள்ளிப் போகும் என்பது நம்பிக்கை. மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சைக்கிள்களில் அளவுக்கருவி பொருத்திப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முந்தல்களைப் பதிவுசெய்து 2019இல் வெளியிட்டார்கள். கோடு போட்ட தடம் இருந்த சாலைகளில் வண்டிகள் சராசரியாக 27 சென்டிமீட்டர் நெருங்கிப் போயிருந்தன. கோடும் இருந்து, ஓரத்தில் நிறுத்திய கார்களும் இருந்தால் 40 சென்டிமீட்டர் நெருக்கம்.

யோசித்தால் காரணம் புரியும். கோடு இல்லாத சாலையில் முன்னால் போகும் சைக்கிள் ஓட்டுநருக்கு ஒரு தடை. எப்படிக் கடப்பது என்று அவர் முடிவெடுத்தாக வேண்டும். கோடு வந்ததும் அவர் தன் தடத்தைப் பார்த்து ஓட்டத் தொடங்குகிறார். சைக்கிள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், அவ்வளவுதான். சைக்கிளின் ஹேண்டில்பார் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளேயும், காரின் கண்ணாடி கோட்டுக்கு ஒரு சாண் வெளியேயும் இருந்தால் இருவருமே விதிப்படிதான் போகிறார்கள்.

நிறுத்திய கார்களின் பக்கத்தில் போடும் கோடு இன்னும் மோசம். காரின் கதவு திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே வரும். ஒன்றேகால் மீட்டர் அகலத் தடத்தை அங்கே வரைந்தால், அதன் பெரும்பகுதி கதவு திறக்கும் இடத்துக்குள்ளேயே இருக்கும். கோட்டை மதித்து ஓட்டுகிற ஒழுங்கான ஆளைத்தான் அது ஆபத்தில் தள்ளுகிறது. கதவில் மோதி விழுகிறவர் பக்கத்துத் தடத்தில், ஓடுகிற வண்டிக்கு முன்னால் விழுகிறார். இப்படி ஒரு தடத்தை வரைந்துகொடுப்பதைவிட ஒன்றும் வரையாமல் விடுவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

வெஸ்லி மார்ஷல், நிக்கோலஸ் ஃபெரன்சாக் இருவரும் 12 பெரிய அமெரிக்க நகரங்களின் 13 ஆண்டு விபத்து விவரங்களை ஆராய்ந்து 2019இல் எழுதியதும் இதே பக்கம்தான் காட்டுகிறது. தடுப்போடு பிரித்த பாதைகள் அதிகமுள்ள நகரங்களில் சாலை மரணங்கள் குறைவாக இருந்தன, கார் ஓட்டுநர்களின் மரணங்களையும் சேர்த்து. வெறும் கோட்டுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. சைக்கிளுக்குச் செய்வது காருக்கு எதிரானது என்று நினைக்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இந்த முடிவைத்தான்.

கோட்டுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஒருவழித் தெருவில் சைக்கிள் மட்டும் எதிர்த்திசையில் போகலாம் என்று காட்ட, கிளைத்தெரு வாசலைத் தாண்டும் இடத்தில் நிறம் பூசி ஓட்டுநரை எச்சரிக்க, வேகம் ஏற்கெனவே குறைந்த தெருவில் வழி காட்ட அது உதவும். இன்று கோடு, அடுத்த மாதம் அதன்மேல் கம்பங்கள் என்று தேதி போட்ட திட்டம் இருந்தாலும் சரி. தேதி இல்லையென்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தடுப்பு வைத்த தனிப்பாதை

டொரண்டோவிலும் வான்கூவரிலும் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்த 690 சைக்கிள்காரர்களிடம் அவர்கள் வந்த வழியை முழுக்கக் கேட்டு, விபத்து நடந்த இடத்தையும் அதே பயணத்தில் தற்செயலாகத் தேர்ந்தெடுத்த இன்னொரு இடத்தையும் ஒப்பிட்டார்கள். 2012இல் முடிவு வந்தது. ஓரத்தில் கார்கள் நிற்கும், சைக்கிளுக்கென்று எதுவும் இல்லாத பெரிய சாலைகளோடு ஒப்பிட்டால், பெரிய சாலையை ஒட்டிய தனிப்பாதையில் காயம்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு. ஒரே ஆள், ஒரே நாள், ஒரே பயணம் என்று ஒப்பிட்டதால் ‘கவனமாக ஓட்டுகிறவர்கள்தான் அந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள்’ என்ற மறுப்பு இங்கே எடுபடாது.

தனிப்பாதைக்கு இன்னொரு பலன், அது ஆட்களைச் சைக்கிளுக்குக் கொண்டுவருகிறது. ஸ்பெயினின் செவில்லில் 2006க்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் நகரம் முழுக்க ஒன்றோடொன்று இணைந்த தனிப்பாதைகளைப் போட்டார்கள். சைக்கிளே அபூர்வமாக இருந்த ஊரில் அது தினசரிப் போக்குவரத்தாகிவிட்டது. அங்கே கற்க வேண்டியது ‘இணைந்த’ என்பதைத்தான். ஒரு தெருவில் அரைக் கிலோமீட்டர் அருமையான பாதை போட்டு, அதன் முடிவில் ஆளை லாரிகளுக்கு நடுவே விட்டுவிட்டால் அந்த அரைக் கிலோமீட்டரை யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைகிறது என்று பீட்டர் ஜேகப்சன் 2003இல் காட்டினார். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இரண்டு மடங்கானால் மோதல்கள் இரண்டு மடங்காவதில்லை, மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே கூடுகின்றன. எந்நேரமும் சைக்கிள் வரும் என்று எதிர்பார்த்து ஓட்டுகிற ஓட்டுநர் திரும்புவதற்கு முன் தானாகவே பார்க்கிறார்.

ஆனால் தனிப்பாதை என்று பெயர் வைத்ததெல்லாம் தனிப்பாதை ஆகாது. ஒரு திசைக்கு 2 மீட்டராவது அகலம் வேண்டும், இல்லாவிட்டால் வேகமாக மிதிக்கிறவர் மெதுவாகப் போகிறவரைக் கடக்க முடியாமல் காரின் சாலைக்கே இறங்குவார். நடுவில் மின்கம்பம் இருக்கக் கூடாது. பெருக்கும் வண்டி உள்ளே போக வேண்டும், தடுப்புக்குள் சேரும் கண்ணாடித் துண்டை வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. பஸ் நிறுத்தத்தில் பாதை நிறுத்தத்துக்குப் பின்புறமாகச் சுற்றிப் போனால் பஸ்ஸும் சைக்கிளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளாது. செலவு மிச்சம் என்று சாலையின் ஒரே பக்கத்தில் இருதிசைப் பாதை போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கிளைத்தெருவிலிருந்து வெளியே வரும் ஓட்டுநர் வண்டி வரும் திசையை மட்டும்தான் பார்க்கப் பழகியிருக்கிறார். மறு திசையிலிருந்து வரும் சைக்கிள் அவர் கண்ணில் படுவதற்கு முன் பம்பரில் பட்டுவிடும்.

சந்திப்பு

கோபன்ஹேகனில் தனிப்பாதைகள் கட்டுவதற்கு முன்னும் பின்னும் விபத்துகளை ஒப்பிட்ட ஆய்வில், சந்திப்புகளுக்கு இடைப்பட்ட நீளங்களில் விபத்து குறைந்திருந்தது, சந்திப்புகளில் கூடியிருந்தது. தனிப்பாதையை எதிர்க்கிறவர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். உண்மையான குறைதான். ஆனால் சந்திப்பையும் சேர்த்துக் கட்டு என்பதுதான் அதற்கு விடை.

மிகக் கொடிய விபத்து ஒரே மாதிரித்தான் நடக்கிறது. சிக்னலில் லாரி நிற்கிறது. அதன் ஓரப்பக்கத்தில் சைக்கிள் வந்து நிற்கிறது. விளக்கு மாறுகிறது. லாரி ஓரப்பக்கமாகத் திரும்புகிறது, சைக்கிள் நேராகப் போகிறது. உயரமான கேபினில் உட்கார்ந்திருப்பவருக்குக் கதவுக்குக் கீழே இருக்கும் ஆள் தெரிவதில்லை. முன்சக்கரம் தாண்டிவிட்டது என்று நினைக்கும்போது பின்சக்கரங்கள் உள்பக்கமாக வெட்டி வரும்.

இதற்குப் பல பக்கங்களிலிருந்தும் வேலை செய்திருக்கிறார்கள். ஜெர்மனியில் 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகள் ஊருக்குள் ஓரப்பக்கமாகத் திரும்பும்போது, நேரே போகும் சைக்கிளோ கடக்கும் நடையரோ வரக்கூடிய இடங்களில், நடை வேகத்தில்தான் திரும்ப வேண்டும். லண்டன், கேபினிலிருந்து ஓட்டுநருக்கு நேரடியாக எவ்வளவு தெரிகிறது என்பதை வைத்துப் பெரிய லாரிகளுக்கு மதிப்பெண் கொடுத்து, 2021 முதல் போதாதவற்றுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கருவிகளைக் கட்டாயமாக்கியது. 2024இல் அந்த அளவை இன்னும் உயர்த்தியது.

சாலை அமைப்பில் நெதர்லாந்தின் முறைதான் எனக்குத் தெரிந்தவரை சிறந்தது. சந்திப்பின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு கல் திட்டு. அது இரண்டு வேலை செய்கிறது. வண்டியை இறுக்கமாக, அதனால் மெதுவாகத் திரும்ப வைக்கிறது. சைக்கிள் கடக்கும் இடத்தைச் சாலையின் ஓரத்திலிருந்து ஒரு கார் நீளம் உள்ளே தள்ளிவிடுகிறது. கார் முக்கால்வாசி திரும்பிய பிறகே சைக்கிளைச் சந்திப்பதால், ஓட்டுநர் தோளைத் திருப்பிப் பார்க்க வேண்டியதில்லை, கண்ணுக்கு நேரே தெரியும். நின்று வழிவிடவும் இடம் இருக்கும். அதற்கு இடமில்லாத மூலைகளில், வண்டிகளுக்கு முன்னால் தள்ளி சைக்கிள் நிற்க ஒரு கோடும், சைக்கிளுக்குச் சில வினாடி முன்னதாகப் பச்சையும் கொடுத்தால் பாதியாவது தேறும்.

வேகத்தைக் குறைப்பது

பிரசல்ஸ் 2021 ஜனவரியில், பாரிஸ் அதே ஆண்டு ஆகஸ்டில், சில பெரிய சாலைகளைத் தவிர நகரம் முழுவதையும் 30 கி.மீ. ஆக்கின. ஸ்பெயின் 2021 மே மாதத்தில் நாடு முழுக்க, திசைக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள ஊர்த்தெருக்களுக்கு அதே வரம்பு வைத்தது. ஹெல்சிங்கியில் பாதிக்கு மேற்பட்ட தெருக்கள் 30தான். அங்கே 2025 கோடையில் திரும்பிப் பார்த்தபோது அதற்கு முந்தைய ஓராண்டில் சாலை விபத்தில் ஒருவர்கூட இறந்திருக்கவில்லை. அதற்கு வேகம் மட்டும் காரணமில்லை, தெரு அமைப்பும் கண்காணிப்பும் பொதுப் போக்குவரத்தும் சேர்ந்தது. ஆனால் வேகம் இல்லாமல் அது நடந்திருக்காது.

ஓட்டுநர்களின் கவலை நேரம். ஒரு கிலோமீட்டரை நிற்காமல் 50இல் ஓட்டினால் 72 வினாடி, 30இல் ஓட்டினால் 120 வினாடி. வித்தியாசம் 48 வினாடி, அதுவும் நடுவில் சிக்னலே இல்லாவிட்டால். ஊருக்குள் அப்படி ஒரு கிலோமீட்டர் கிடைப்பது அரிது. அடுத்த சிவப்பு விளக்கில் இருவரும் ஒன்றாகத்தான் நிற்பார்கள்.

பலகை மட்டும் நட்டால் வேகம் குறையாது. அகலமான, நேரான சாலை ஓட்டுநரை வேகமாகப் போகச் சொல்கிறது, பலகை என்ன சொன்னாலும். தடத்தைக் குறுக்க வேண்டும், நடையர் கடக்கும் இடத்தை மேடாக்க வேண்டும், தெருமுனைத் திருப்பங்களை இறுக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்கு அதிகம் நம்பிக்கை உள்ளது குறுக்குவழி ஓட்டத்தை நிறுத்துவதில். குடியிருப்புத் தெருவின் நடுவில் இரண்டு கம்பம் நட்டால் போதும். சைக்கிளும் நடந்து போகிறவரும் நுழையலாம், கார் நுழைய முடியாது. தெருக்காரர்கள் ஏதாவது ஒரு முனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிடலாம். பெரிய சாலை நெரிசலைத் தவிர்க்க உள்ளே பாய்ந்து வரும் வண்டிகள் மட்டும் வர முடியாது. தீயணைப்பு வண்டிக்காகக் கம்பத்தைப் பூட்டுப் போட்டுக் கழற்றும்படி வைக்கலாம். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேறு எதையும் நான் அறியேன்.

நடைபாதையிலேயே சைக்கிளையும் விட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். கண் தெரியாதவர், தள்ளாடி நடப்பவர், கையைவிட்டு ஓடும் குழந்தை எல்லோரின் பயத்தையும் கூட்டிவிட்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காருக்கு முன்னால் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாடு அது.

எந்தச் சாலைக்கு எது

நெதர்லாந்து 1970களில் இதே குழப்பத்தில்தான் இருந்தது. 1971இல் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சாலையில் இறந்தார்கள், அவர்களில் நானூற்றுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். அதன்பின் பல ஆண்டுகளில் உருவான கொள்கையின் சாரம், எடையிலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் உள்ளவற்றைக் கலக்காதே என்பது. 30க்குள் ஓடும் தெருவில் கலந்து போகலாம். 50, அதற்கு மேல் என்றால் பிரி.

அதையே நானும் பரிந்துரைப்பேன், ஒரு சேர்க்கையோடு. வேகம் குறைவாக இருந்தாலும் லாரியும் பஸ்ஸும் நாள் முழுக்கப் போகிற சாலையில் பிரிப்பதே நல்லது. வீட்டுத் தெருக்களில் தனிப்பாதை கட்டிப் பணத்தை வீணாக்காதீர்கள், அங்கே வேகக் குறைப்பும் கம்பங்களும் போதும். நடுத்தரமான கடைத்தெருக்களில்தான் உண்மையான இழுபறி. அங்கே வண்டி நிறுத்தும் ஓரத்தை எடுக்காமல் தனிப்பாதைக்கு இடம் கிடைக்காது. ஒரு பக்க நிறுத்தத்தை எடுத்துவிட்டுத் தனிப்பாதை போடுவதா, நிறுத்தத்தை வைத்துக்கொண்டு வேகத்தை 30க்குக் கொண்டுவருவதா? இரவில் உண்மையிலேயே 30ஆக இருக்கும்படி தெருவை மாற்றியமைக்க முடியும் என்றால் இரண்டாவது போதும். முடியாது என்று பொறியாளர் சொன்னால் முதலாவதுதான். நிறுத்தம், வேகம் இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு கோடு என்று சமரசம் செய்தால் மூன்று பக்கமும் தோற்றுவிடும்.

அதுவரை ஓட்டுகிறவர்கள்

சாலை மாற ஆண்டுகள் ஆகும். நாளை காலையும் எல்லோரும் இதே சாலையில்தான் போக வேண்டும்.

சைக்கிளில் போகிறவருக்கு: நிறுத்திய கார்களிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி, நேர்கோட்டில் ஓட்டுங்கள். இரண்டு கார்களுக்கு நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் உள்ளே ஒதுங்கி மறுபடி வெளியே வந்தால் பின்னால் வருபவர் உங்களைக் கணிக்க முடியாது. திரும்புவதற்கு முன் தோளுக்குப் பின்னால் பாருங்கள், அப்புறம் கை காட்டுங்கள். நிற்கும் லாரியின் ஓரப்பக்கத்தில் ஒருபோதும் நுழையாதீர்கள், அங்கே சைக்கிள் தடம் வரைந்திருந்தாலும் சரி. பளீரென்ற மஞ்சள் உடை பகலில்தான் உதவும். இரவில் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைதான் வேலை செய்யும், அதையும் கணுக்காலில் கட்டினால் மேலும் கீழுமாக ஆடும் அசைவைக் கண்டே ஓட்டுநர் சைக்கிள் என்று புரிந்துகொள்வார். ஹெல்மெட் போடுங்கள். விழும்போது அது தலையைக் காக்கும், ஆனால் மோதலைத் தடுப்பது அதன் வேலையில்லை.

கார் ஓட்டுகிறவருக்கு: முந்துவதா காத்திருப்பதா என்ற கேள்வி வரும்போது கணக்கைப் பாருங்கள். 200 மீட்டர் தூரம் 18 கி.மீ. வேக சைக்கிளின் பின்னால் போனால் 40 வினாடி, 50இல் போனால் 14 வினாடி. நீங்கள் விட்டுக்கொடுப்பது 26 வினாடி. பின்னாலிருந்து ஹாரன் அடித்தால் சைக்கிளில் இருப்பவர் திரும்பிப் பார்க்கும்போது ஹேண்டில் உங்கள் பக்கமே சாயக்கூடும். அடுத்த திருப்பத்தில் நீங்கள் திரும்பப் போகிறீர்கள் என்றால் முந்தவே முந்தாதீர்கள், பின்னாலேயே போய்த் திரும்புங்கள். இருவர் சேர்ந்தாற்போல் ஓட்டினால் எரிச்சல் வருகிறது, தெரியும். ஆனால் பத்து பேர் வரிசையாகப் போவதைவிட ஐந்து ஜோடியாகப் போனால் நீங்கள் கடக்க வேண்டிய நீளம் பாதி. காரிலிருந்து இறங்கும்போது கதவுக்கு எதிர்ப்பக்கக் கையால் திறந்து பழகுங்கள். தோள் தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். நெதர்லாந்தில் பிரபலமான பழக்கம் இது, இப்போது பிரிட்டனின் சாலை விதிகளிலும் இருக்கிறது.

கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் பணம் இல்லை என்ற பதில் நிச்சயம் வரும். அப்போது நீளமான கோட்டுக்குச் சம்மதிக்காமல், உங்கள் பகுதியில் மிக மோசமான ஒரே ஒரு சந்திப்பைக் கேளுங்கள். பகலிலும் இரவிலும் அங்கே வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். கல் திட்டு கட்டுவதற்கு முன் அதே இடத்தில் மணல் மூட்டைகளையும் பிளாஸ்டிக் கம்பங்களையும் வைத்துச் சோதிக்கலாம், அதற்கு ஒரு நாள் போதும். லாரியின் பின்சக்கரம் எந்த மூட்டையை நசுக்குகிறது, சைக்கிளில் வருகிறவர் எந்த இடத்தில் தயங்கிக் கால் ஊன்றுகிறார் என்று சில வாரம் நின்று பார்த்தால், வரைபடத்தில் எதைத் திருத்த வேண்டும் என்று பொறியாளருக்கும் உங்களுக்கும் சேர்ந்தே தெரிந்துவிடும்.